சென்னை வெள்ளம் யார் செயல்?

சென்னையில் பெருமழை பெய்து வெள்ளம் வருகின்ற போதெல்லாம் இரண்டு வித வார்த்தைகள் நம் காதில் விழுகின்றன. ஒன்று, "எல்லாம் ஆண்டவன் செயல்" என்பது. மற்றொன்று, "இது இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்பது. முதல் வார்த்தையைச் சொல்லுகின்றவர் பெரும்பாலும் வீட்டையும் பண்டபாத்திரங்களையும் பறிகொடுத்து விட்டு நிற்கின்ற பாமரர். இரண்டாவது வார்த்தையைச் சொல்லுகின்றவர் பெரும்பாலும் படித்தவர், உத்தியோகஸ்தர், அதிகாரத்தில் இருப்பவர். இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும் இரண்டின் பலனும் ஒன்றுதான் என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம். அந்தப் பலன் என்னவென்றால், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மனிதன் வாயை மூடிக் கொண்டு போய்விடுவது என்பதேயாகும்.

வக்கீல்களைக் கேட்டால் ஒரு வேடிக்கையான சங்கதி சொல்லுவார்கள். சட்டத்திலேயே "கடவுள் செயல்" என்று ஒரு வார்த்தை இருக்கின்றது. ஒரு நஷ்டம் கடவுள் செயல் என்று கோர்ட்டில் தீர்ந்துவிட்டால், அந்த நஷ்டத்துக்கு எந்த மனிதனும் ஜவாப்தாரி அல்ல, யாரும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் அர்த்தம். பார்த்தீர்களா தோழர்களே! கோயிலில் கடவுளைக் கும்பிடுகின்றவன் தன் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றான். கோர்ட்டில் கடவுளைக் கூப்பிடுகின்றவனோ தன் பணத்தைக் காப்பாற்றிக் கொண்டு போகின்றான்!

மழையும் புயலும் வருகின்ற விதம்

மழையை மனிதன் பெய்விக்கின்றான் என்றோ, புயலை மனிதன் கையால் தடுத்துவிடலாம் என்றோ நாம் சொல்ல வரவில்லை. கடல் நீர் வெப்பமேறி ஆவியாகி, அதனால் கடல் மீது காற்றழுத்தம் குறைந்து, சுற்றிலுமிருந்து காற்று அங்கே பாய்ந்து சுழலுவதே புயல். அய்ப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் இது நடப்பது புதிதல்ல. "அய்ப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த பழமொழி. சென்னைக்கு வருஷத்தில் சராசரியாகக் கிடைக்கின்ற சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பெரும்பாகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்திலேதான் பெய்கின்றது. ஆகவே வரும் என்று தெரிந்து, வருகின்ற மாதமும் தெரிந்து, வருகின்ற திக்கும் தெரிந்து இருக்கின்ற ஒரு விருந்தாளி, வந்து கதவைத் தட்டும் போது "அய்யோ! திடீரென்று வந்துவிட்டாரே" என்று ஒருவன் அலறுவானேயானால், குற்றம் விருந்தாளி மேலா, வீட்டுக்காரன் மேலா?

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழை சாதாரணமானதல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிற்று. அதாவது வருஷ முழுவதும் பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் ஒரே நாளில் பெய்தது. அதற்கு முந்தின நவம்பர் மாதமே நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து பூமியெல்லாம் ஊறிக் கிடந்தது. 1918-க்குப் பிறகு அப்படிப்பட்ட நவம்பரைச் சென்னை கண்டதில்லை. இவ்வளவும் மெய்தான். ஆனால் மழை பெய்தது வேறு, வெள்ளம் வந்தது வேறு. மழை ஆகாயத்திலிருந்து வந்தது. வெள்ளமோ போக வழியில்லாததனால் வந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. இப்பொழுது மழையில்கூட மனிதன் கை கலந்திருக்கின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து உலகத்துக் காற்றையும் கடலையும் சூடாக்கிவிட்டோம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிகமாக நீராவியைத் தாங்கும். தாங்கினதை இறக்க வேண்டிய சமயம் வரும்போது சேர்த்து இறக்கிவிடும். ஆகவே "இயற்கையின் சீற்றம்" என்று சொல்லுகின்றவர்கள் இயற்கையைச் சீண்டினவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

சாமி கணக்கு

முதலில் ஆண்டவன் செயல் என்கின்ற கணக்கைப் பார்த்துவிடுவோம். 2015-இல் நீர் மிகுந்து சென்னை மூழ்கிற்று. நாலே வருஷம் கழித்து, 2019-ஆம் வருஷக் கோடையில் அதே சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று. அப்பொழுது என்ன செய்தார்கள்? மழை வேண்டிக் கோயில்களில் யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி அறநிலையத் துறையிலிருந்து உத்தரவு போயிற்று. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி, கழுத்து மட்டும் நீர் நிரப்ப வேண்டும் என்பதும் அந்த முறைகளில் ஒன்று. ஜனங்கள் ஒரு குடம் தண்ணீருக்கு இராத்திரியெல்லாம் லாரியை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்த காலத்தில், கல் மாட்டுக்குக் கழுத்தளவு தண்ணீர்!

நாம் கேட்கின்றோம்: வருணனைக் கூப்பிட்டால் வருவான் என்றால், 2015-இல் அவனைப் போகச் சொல்ல ஒரு மந்திரம் இல்லாமற் போனதேன்? வருஷா வருஷம் பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை என்று எழுதி விற்கின்றார்களே, எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? 2018-இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்று அப்பொழுது நடந்து கொண்டிருந்த வழக்கோடு அதை முடிச்சுப் போட்டுப் பேசினவர்களும் உண்டு. பெண் மலையேறுவதற்காக எங்கேயோ இருக்கின்ற குழந்தையை நீரில் அமுக்குகின்றவர் கடவுளா, கொலையாளியா?

நல்ல காரியத்துக்காகச் சொன்னாலும் இந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 1934-ஆம் வருஷம் ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தபோது, தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்து கொண்டிருந்த காந்தியார், அது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டவனும் அந்தப் பூகம்பத்தில் செத்தானே, அவனுக்கு எந்தப் பாவத்துக்குத் தண்டனை? அக்கிரமத்தை அக்கிரமம் என்று சொல்லி ஒழிக்க வேண்டுமேயல்லாமல், பூகம்பத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒழிக்க முடியாது.

ஏரியைக் காத்தவர் யார்?

சென்னைக்குத் தெற்கே மதுராந்தகத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கின்றது. அங்குள்ள கோயிலுக்கு ஏரி காத்த இராமர் கோயில் என்று பெயர். 1790-களில் செங்கற்பட்டு ஜில்லாவுக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்கின்ற வெள்ளைக்காரர், மழைக் காலத்தில் ஏரிக்கரை உடையுமோ என்று பயந்து இராத்திரி பார்க்கப் போனாராம், இராமனும் லட்சுமணனும் வில்லும் அம்புமாய்க் கரை மேல் நின்று காவல் காத்தார்களாம், கரை உடையவில்லையாம். இது கதை.

அந்தக் கரைக்கு மண் சுமந்து கொட்டினவன் யார்? மதகுக்குக் கல் சுமந்தவன் யார்? அவனுக்குக் கோயில் இல்லை, கல்லில் பெயர் இல்லை. நம் நாட்டு ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, கலங்கலைப் பார்த்து, வயலுக்கு வயல் நீரை முறை வைத்துப் பாய்ச்சின நீர்க்கட்டிகள், பல ஊர்களில் ஊருக்கு வெளியே சேரியில் குடியிருத்தப்பட்டவர்களே ஆவார்கள். ஏரியைக் காத்தவன் அவன்; ஆனால் ஏரி காத்தவர் என்ற பட்டம் இராமருக்கு!

இந்தக் கதையை நாம் இங்கு எடுத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. சென்னையைச் சுற்றியுள்ள பிரதேசம் பூராவும் ஏரிகளால் ஆனது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்கு ஏரி ஜில்லா என்றே பெயர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும். வடக்கே கொசஸ்தலை, நடுவே கூவம், தெற்கே அடையாறு என்ற மூன்று ஆறுகள். பள்ளிக்கரணையில் ஒரு பெரிய சதுப்பு நிலம். ஊரோ தட்டையான ஊர். கடலுக்குச் சில அடி உயரத்தில் கிடப்பது. இப்படிப்பட்ட ஊரில் வெள்ளம் வராமல் காத்து வந்தது எந்தச் சாமியும் அல்ல. ஏரியும், கால்வாயும், பள்ளமுமே காத்து வந்தன. அவற்றை நாம் என்ன செய்தோம்?

ஊர்ப் பெயரே சாட்சி

சாட்சிக்கு வெகு தூரம் போக வேண்டாம். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக் கொண்டு தினமும் இறங்குகின்றோமே, தாங்கல் எங்கே? முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரில் வீட்டுமனை இருக்கின்றது; நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலையும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. பெயர் இருக்கின்றது, ஏரி இல்லை. செத்தவன் பெயரை வீட்டு வாசலில் எழுதி வைப்பது போல, கொன்ற ஏரியின் பெயரைத் தெருவுக்கு வைத்திருக்கின்றோம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்பு இருந்தது. சுற்றிலுமுள்ள ஏரிகள் வடிகின்ற நீரையெல்லாம் கடற்பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக் கொண்டு, மெள்ள மெள்ளக் கடலுக்கு விடுவது அதன் வேலை. இன்று அதில் ஒரு சிறு பாகந்தான் மிச்சம். பாக்கியில் பெருங்குடிக் குப்பை மேடும், ரோட்டும், ரயிலடியும், கம்பெனிகளும் இருக்கின்றன. கடலையும் காற்றையும் ஆராய்ச்சி செய்வதற்கென்று சர்க்கார் ஏற்படுத்தின ஸ்தாபனங்களைக்கூட அந்தச் சதுப்பு நிலத்திலேயே கட்டினார்கள் என்றால், படிப்புக்கும் அறிவுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள். 2022-இல் அது உலகப் பிரசித்தியான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முக்கால் உயிர் போன பிறகு பூமாலை போடுவது நமக்குப் புதிதல்லவே!

பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையிலுள்ள பாகம், 1876-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்கள் கூலிக்கு வெட்டியது. அந்தக் கால்வாயிலேயே தூண் நிறுத்தி அதன் மேல் பறக்கும் ரயில் விட்டார்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே நீட்டினார்கள். 2015-இல் ஆறு ஓடுபாதை மேல் ஏறிற்று. விமானங்கள் நாள் கணக்கில் நின்றுவிட்டன. ஆறு செய்தது தப்பா? ஆற்றுக்குப் பாஷை தெரிந்திருந்தால் "என் வீட்டில் நீ ஏன் படுத்திருக்கிறாய்?" என்று கேட்டிருக்கும்.

நம்மவர் குற்றம்

நிற்க. இதையெல்லாம் எழுதிவிட்டு, நமக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் குறை சொல்லுவது யோக்கியமாகாது. தியாகராய நகர் என்று இன்று சொல்லப்படுவது, மாம்பலத்து நீண்ட ஏரி கிடந்த இடம். 1920-களில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். அப்பொழுது மாகாணத்தில் மந்திரிகளாயிருந்தவர்கள் நீதிக்கட்சியார். ஊருக்குத் தியாகராயர் பெயர். பூங்காக்களுக்குப் பனகல் அரசர் பெயரும், நடேசனார் பெயரும். ரோட்டுக்கு உஸ்மான் பெயர். நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்ற பெயர்கள்தாம். வகுப்புரிமைக்காக அவர்கள் செய்த காரியத்தை நாம் மறக்க மாட்டோம். ஆனால் ஏரியைத் தூர்த்தது ஏரியைத் தூர்த்ததுதான். நீருக்கு நீதிக்கட்சி என்றும் காங்கிரஸ் என்றும் தெரியாது. மழை வந்தால் மாம்பலத்தில் முழங்கால் அளவு நிற்கின்றது.

பின்னால் வந்தவர்களும் அப்படியே. நுங்கம்பாக்கத்து ஏரிப் பகுதியில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின் பெருமையைப் பாடினவருக்கு ஏரி கிடந்த இடத்தில் மண்டபம்! 1967 முதல் இந்நாட்டை ஆண்டு வந்த இரண்டு கழகத்தாரும் பகுத்தறிவின் பெயரையும் சுயமரியாதையின் பெயரையும் மேடையில் சொன்னவர்களே. மேடையில் கடவுளை மறுத்துவிட்டு, ஏரி உடைந்தபோது மட்டும் "நம் கையில் என்ன இருக்கிறது" என்று கையை விரிப்பது என்ன பகுத்தறிவு? கடவுள் என்ற பெயரை எடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் இயற்கை என்பதை உட்கார வைப்பது மூடநம்பிக்கையை ஒழித்ததாகாது. மூடநம்பிக்கைக்கு வேறு சட்டை மாட்டினதேயாகும்.

செம்பரம்பாக்கம்

2015 டிசம்பர் 1-ந் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது ஒவ்வொரு விநாடிக்கும் 8 லட்சம் லிட்டருக்கு மேல். காலையில் சில நூறு கன அடியாக இருந்தது, அன்று இரவுக்குள் இவ்வளவாயிற்று. கரையோரத்து ஜனங்கள் தூங்கிக் கொண்டிருந்தார்கள். தமிழ்நாடு முழுவதிலும் அந்த மழைக் காலத்தில் 400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இதைப் பரிசீலித்த மத்திய தணிக்கைத் துறையாரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டசபையில் வைக்கப்பட்டது. இது மனிதனால் உண்டாக்கப்பட்ட கேடு என்று அதில் கண்டிருந்தது. நாம் சொன்னால் நாஸ்திகன் சொல்லுகின்றான் என்பார்கள். சர்க்காரின் கணக்குப் பிள்ளையே சொன்ன பிறகு என்ன சமாதானம்? சர்க்காரோ நீர் திறந்ததில் தப்பில்லை என்றது. வெள்ளத்தில் பெரும் பாகம் மேலேயிருந்த மற்ற ஏரிகளின் உபரி நீர் என்று வாதாடுகின்றவர்களும் உண்டு. இருக்கட்டும். அப்படியே வைத்துக் கொண்டாலும் அந்த ஏரிகள் எவனுடைய பொறுப்பு? அவற்றின் கலங்கலிலிருந்து போகின்ற கால்வாயில் வீடு கட்ட அனுமதி கொடுத்த கையெழுத்து எந்தக் கடவுளுடையது?

அந்த வாரம் நாமும் சில தோழர்களும் அரிசியும் துணியும் எடுத்துக் கொண்டு சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்குப் போனோம். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் சேற்றுக் கோடு. ஓர் அம்மையார் நனைந்த காகிதக் கட்டை வெயிலில் பிரித்துப் பிரித்துப் போட்டுக் கொண்டிருந்தார். மகளுடைய பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகள். எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது. நம்மோடு வந்த ஒருவர் ஆறுதலாக, "எல்லாம் விதிம்மா" என்று சொல்லி வைத்தார். அந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்து, "விதி இல்ல தம்பி. தண்ணி தொறக்கறாங்கன்னு ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா போதும். இந்தக் காயிதத்தையாவது எடுத்துனு ஓடியிருப்பேன்" என்றார். நாம் பதினைந்து வருஷம் மேடையில் பேசினதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அவர் வருணனைக் கேட்கவில்லை, பெருமாளைக் கேட்கவில்லை. வந்து சொல்ல ஓர் ஆளைக் கேட்டார்.

ஆள் வந்து சொன்னால் என்ன ஆகும்?

ஓர் ஆள் வந்து சொல்லுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கின்றவர்கள் ஒடிசா நாட்டைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அங்கே அடித்த புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013 அக்டோபரில் பாய்லின் என்கின்ற கடும்புயல் அதே கடற்கரையில் அடித்தது. செத்தவர்கள் சுமார் 45 பேர். பூரி ஜகந்நாதர் 1999-லும் அங்கேதான் இருந்தார். 2013-லும் அங்கேதான் இருந்தார். அவருக்கு நடக்கின்ற பூஜையில் யாதொரு குறைவும் இல்லை. பின் எது மாறிற்று? புயல் வருகின்ற தேதியும் இடமும் நாள் கணக்கில் முன்னதாகத் தெரிந்தது. கிராமம் கிராமமாகப் புயல் காப்பிடங்கள் கட்டப்பட்டிருந்தன. சுமார் பத்து லட்சம் ஜனங்கள் முன்னதாகவே மேட்டுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவ்வளவுதான். மனிதன் அறிவைக் கொண்டு காரியம் செய்தான், மனிதன் பிழைத்தான். சென்னைக்கு அந்த அறிவு எட்டாத அறிவா?

சென்னையிலும் 2015-இல் பிழைக்க வைத்தது மனிதனே. கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் தம் படகுகளை ஊருக்குள் கொண்டு வந்து, தம்மைத் திரும்பியும் பாராத தெருக்களிலெல்லாம் ஆட்களை ஏற்றிக் காப்பாற்றினார்கள். மசூதியிலும், மாதா கோயிலிலும், கல்யாண மண்டபத்திலும் ஜாதி மதம் கேளாமல் சோறு போட்டார்கள். வெள்ளம் மூன்று நாள் ஜாதியை நனைத்து வைத்தது என்று சொல்லலாம்.

வெள்ளம் வடிந்ததும் ஜாதியும் காய்ந்து எழுந்துவிட்டது. மலைமலையாகக் குவிந்த குப்பையை அள்ள, வெளி ஜில்லாக்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளை லாரி லாரியாகக் கொண்டு வந்தார்கள். சேற்றிலும் மலத்திலும் இறங்கின அவர்கள் எந்த ஜாதியார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் ஆண்டவன் செயலாயிருந்தால், அள்ளுகின்ற வேலை மட்டும் ஒரு வகுப்பார் செயலாக இருப்பானேன்?

அதற்கு மேலும் ஓர் அக்கிரமம் நடந்தது. ஆக்கிரமிப்பை அகற்றுகின்றோம் என்று சொல்லிக் கொண்டு, ஆற்றோரத்துக் குடிசைகளைப் பிரித்து, ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகர்ப் பக்கத்துக்கும் கொண்டு போய்ப் போட்டார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? அதே தெற்குப் பள்ளத்தில், சதுப்பு நிலத்தை ஒட்டி. மழை பெய்தால் அங்கும் வெள்ளம். ஆற்றில் நனைந்தவனை ஏரியில் கொண்டு போய் உலர்த்துவதற்குப் பெயர் மறுவாழ்வாம்! குடிசைக்கு வந்த மண்வெட்டி பெரிய கட்டிடங்களின் வாசலில் வந்து மட்டும் மழுங்கிவிட்டது. நீர்நிலைகளைக் காப்பாற்ற 2007-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கின்றார்கள். சட்டத்துக்குக் குறைவில்லை, அது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதிலேதான் தகராறு.

மறுபடியும் 2023

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைப் பக்கம் கடந்து போயிற்று. கரையைத் தொட்டது ஆந்திர நாட்டில். ஆனாலும் இரண்டு நாளில் சென்னையில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, வீதிகள் மறுபடியும் ஆறுகளாயின. வேளச்சேரியில் கட்டிடத்துக்காகத் தோண்டின பள்ளம் சரிந்து இரண்டு தொழிலாளிகள் மாண்டார்கள். பிரேதங்களை எடுக்கவே நாள் கணக்கில் ஆயிற்று. மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை போய், மீனவர்களின் வலையிலும் படகிலும் அப்பிக் கொண்டது. 2015-இல் ஊரைக் காப்பாற்றினவர்களுக்கு ஊர் கொடுத்த பரிசு அது!

மழைநீர் வடிகாலுக்காகச் சொல்லப்பட்ட 4,000 கோடி ரூபாய்க் கணக்கைப் பற்றி அப்பொழுது கட்சிகளுக்குள் பெரிய சண்டை நடந்தது. எவ்வளவு செலவு என்பதில் சண்டை போட்டவர்கள், வடிகால் நீரைக் கொண்டு போய் விட வேண்டிய ஆறும் கழிமுகமும் எவ்வளவு அடைந்து கிடக்கின்றன என்பதில் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை. தொண்டையை அடைத்து வைத்துக் கொண்டு வாயை மட்டும் அகலப்படுத்தினால் சோறு இறங்குமா?

செய்ய வேண்டியது

தோழர்களே! நாம் உங்களை அழச் சொல்லவில்லை; கேட்கச் சொல்லுகின்றோம். அடுத்த கார்த்திகையில் மழை வரத்தான் போகின்றது. அதற்குள் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று வாலிபர்கள் சேர்ந்து தங்கள் ஊர் ஏரி, குளம், கால்வாய் எவை, அவற்றின் பரப்பு எவ்வளவு என்பதைத் தாலூகா ஆபீசில் உள்ள 'அ' பதிவேட்டிலும், புல வரைபடத்திலும் பாருங்கள். காட்ட மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். படத்தில் இருக்கின்ற கால்வாய் தரையில் இல்லையென்றால், கிராம சபையில் எழுந்து நின்று "அது எங்கே?" என்று கேளுங்கள். குடிசையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பெரிய கேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்கு மேலே உள்ள ஏரியில் தண்ணீர் திறந்தால், எத்தனை மணி நேரத்துக்கு முன், யார் வந்து, எப்படிச் சொல்லுவார்கள் என்பதை உத்தியோகஸ்தர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பட்டணத்தில் இருப்பவர்கள் மனை வாங்குவதற்கு முன் வாஸ்து பார்க்கின்றார்கள்; ஈசான்ய மூலை எது, வாசற்படி எந்தத் திக்கு என்று நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கேட்கின்றார்கள். அந்த மனை ஐம்பது வருஷத்துக்கு முன் எந்த ஏரியின் வயிறாயிருந்தது என்பதைக் காசில்லாமல் கேட்பதில்லை. வாசற்படி கிழக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் வரும். அதற்கு வாஸ்து தெரியாது.

ஒரு காரியத்தைக் கடவுள் செயல் என்று நம்புகின்ற வரைக்கும் மனிதன் கும்பிடத்தான் செய்வான். இயற்கையின் செயல் என்று மட்டும் நம்பினால் ஒதுங்கத்தான் செய்வான். மனிதன் செயல் என்று தெரிந்தால்தான் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்கின்றவனுக்குத்தான், அடுத்த முறை ஏரியைத் திறக்கும் முன்பு ஓர் ஆள் ஓடி வந்து சொல்லுவான். அந்தச் சைதாப்பேட்டை அம்மையார் கேட்டது அவ்வளவுதான். அதை வாங்கிக் கொடுக்க முடியாத பகுத்தறிவு நமக்கெதற்கு என்று கேட்டு இதை முடிக்கின்றோம்.